பூட்டிய வீட்டில் படிப்பு

கானாடுகாத்தான் வீதிகளில் நடந்தால் இரு பக்கமும் மாளிகைகள். உள்ளே பர்மா தேக்குத் தூண்கள். பல வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது. அது சொந்த வீடு, பூட்டிக் கொள்ளட்டும். ஊர்ப் பணத்தில் விளைந்த படிப்பையும் பூட்டி வைக்கலாமா?

இந்த ஊரில் 1881-ல் பிறந்தவர்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். 1929-ல் சிதம்பரத்தில் அவர் முயற்சியால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. 2013-ல் அதை அரசு ஏற்றுக் கொண்டது. இன்று அதற்கும், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் மக்களின் வரிப்பணம் போகிறது.

பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆராய்ச்சி செய்கிறார். கட்டுரை எழுதி ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்புகிறார். பத்திரிகை அவருக்குச் சன்மானம் தருவதில்லை. அதைச் சரி பார்க்கும் மற்றப் பேராசிரியர்களுக்கும் பெரும்பாலும் கூலி இல்லை. ஆனால் கட்டுரை வெளிவந்த பிறகு, பல பத்திரிகைகளில் அதைப் படிக்கப் பணம் கட்ட வேண்டும்! எழுதியவரின் பல்கலைக்கழகமே சந்தா கட்ட வேண்டும். தான் விளைத்த நெல்லைத் தானே கடையில் வாங்குவது போன்ற கதைதான்.

இந்தச் சந்தாவுக்காக 2024-ல் மத்திய அரசு 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அரசுக் கல்வி நிலையங்களில் இருப்போர் படிக்கலாம். நல்லதுதான். படிப்பு முடித்து வீட்டுக்குப் போன பிள்ளை? கிராமத்தில் தனியாக வைத்தியம் பார்க்கும் டாக்டர்? அவர்களுக்குக் கதவு சாத்தியே இருக்கிறது.

திறக்க முடியாத கதவல்ல இது. டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேடுகள் முன்பு நூலக அலமாரியில் தூங்கின. 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதி கொண்டு வந்தது. இன்று ‘சோத்கங்கா’ என்ற இணையக் களஞ்சியத்தில் லட்சக்கணக்கான ஆய்வேடுகள் உள்ளன. கையில் போன் இருந்தால் காசில்லாமல் படிக்கலாம்.

கட்டுரைகளுக்கும் அப்படி ஒரு விதி வேண்டும். பத்திரிகை ஏற்றுக் கொண்ட அன்றே, ஆசிரியர் தம் கைப்பிரதியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். அதை வெளியிடும் உரிமையைப் பல்கலைக்கழகம் முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். அமெரிக்காவில் ஹார்வர்டு பேராசிரியர்கள் 2008-ல் ஓட்டுப் போட்டு அந்த உரிமையைக் கொடுத்தார்கள்.

விதி போட்டால் எல்லாரும் சேர்ப்பார்களா? மாட்டார்கள்! அதற்கும் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் வழி கண்டது. களஞ்சியத்தில் உள்ள கட்டுரைகள் மட்டுமே பதவி உயர்வுக்குக் கணக்கு என்றது. கட்டுரைகள் தாமாக வந்து சேர்ந்தன.

நோயாளிகளின் பெயர் போன்ற ரகசியங்களை மட்டும் காக்க வேண்டும். நாம் இன்னொன்றும் கேட்கிறோம். ஒவ்வொரு கட்டுரையோடும் எளிய தமிழில் அரைப் பக்கம் எழுதிச் சேருங்கள். வரி கொடுத்தவரும் படித்துப் பார்க்கட்டும்.