பூட்டும் சாவியும்

பெரிய மாளிகைகளை அழிப்பவை மழையும் கரையானும் மட்டுமல்ல. பாகப் பிரிவினையும் பூட்டிய கதவுமே முக்கியமானவை. இன்று பிரயாக்ராஜ் எனப்படும் அலகாபாத்தில் பண்டித மோதிலால் நேரு வேறு வழி கண்டார். தாம் வாழ்ந்த ஆனந்த பவனத்தை 1930-ல் காங்கிரஸ் மகாசபைக்கு அளித்தார். அது ஸ்வராஜ்ய பவனமாயிற்று. பழைய பெயர் பக்கத்தில் கட்டிய புது வீட்டுக்குச் சென்றது.

கொடுத்த வீட்டில் காரியாலயத்துடன், அடிபட்ட தொண்டர்களுக்கு ஆஸ்பத்திரியும் நடந்தது. 1932-ல் சர்க்கார் கட்டிடத்தையே கைப்பற்றியது. ஆயினும் பணி நிற்கவில்லை. அதில் உழைத்த கமலா நேருவின் பெயரால் 1941-ல் அங்கே பெரிய ஆஸ்பத்திரியே திறக்கப்பட்டது. 1970-ல் இந்திரா காந்தி புது வீட்டையும் தேசத்துக்கு அளித்தார். இன்று அது காட்சிசாலை.

நம் ஊர்களிலும் பூட்டிய மாளிகைகள் பல உண்டு. சாவி வைத்திருப்போர் சற்றே யோசிப்பார்களாக!