தெற்கே வந்த தூரிகை

தலைநகரில் இந்தியா கேட்டுக்கு அருகே ஜெய்ப்பூர் ஹவுஸ் என்னும் மாளிகையில் 1954-ஆம் ஆண்டு முதல் தேசிய நவீனக் கலைக்கூடம் இயங்கி வருகிறது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் செங்கோட்டையையும் குதுப்மினாரையும் காட்டுகிறோம். ஒரு நாள் ஆக்ராவுக்கும் அழைத்துச் செல்கிறோம். இக்கூடத்துக்கு அழைத்துச் செல்வோர் நம்மில் மிகச் சிலரே. தென்னாட்டு மக்களே அங்குச் சித்திரமாக வீற்றிருக்கின்றனர் என்பதை அறிந்தால், அன்பர்கள் இவ்வளவு பாராமுகமாக இருக்கமாட்டார்கள்.

அவற்றைத் தீட்டிய அம்ருதா ஷெர்கில் அம்மையார் 1913-இல் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். தந்தையார் பஞ்சாபின் மஜீட்டியாக் குடும்பத்துச் சீக்கியர், வடமொழி கற்றவர். தாயார் ஹங்கேரி நாட்டு இசைவாணி. பதினாறு வயதில் பாரிஸ் நகருக்கு ஓவியம் பயிலச் சென்ற அம்மையார், 1934-ஆம் ஆண்டின் இறுதியில் நாடு திரும்பினார். செஸான், கோகேன் ஆகிய பிரெஞ்சு ஓவியர்களிடம் அவருக்கிருந்த பற்றும் உடன் வந்தது.

1936-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். அஜந்தாவும் எல்லோராவும் கண்டு, கன்னியாகுமரி வரை வந்தார். கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களில் உள்ள ஓவியங்களின் முன் அமர்ந்து அவற்றைப் பார்த்து வரைந்தார். பாரிஸில் பயின்ற கைக்கு இது இரண்டாவது குருகுலவாசம் என்றே சொல்லலாம். உருவத்தைச் சுருக்கமான கோட்டில் அடக்குவதும், பல மாந்தரை ஒரே கூட்டமாக இணைத்து அமர்த்துவதும் அஜந்தாவிலிருந்து அவர் எடுத்துக்கொண்டவை. ஆனால் குகையின் தேவமாதரையும் அரசிளங்குமரரையும் அவர் பெயர்த்து எழுதவில்லை. வழியில் தாம் கண்ட சாதாரண மனிதரையே எழுதினார்.

சிம்லாவுக்குத் திரும்பியபின் 1937-இல் மூன்று பெரிய படங்கள் உருவாயின: ‘மணப்பெண் அலங்காரம்’, ‘பிரமசாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்திய கிராமத்தார்’. தாம் எழுதிவரும் படங்களைப் பற்றியும், தம்மை ஈர்த்த பழைய ஓவியங்களைப் பற்றியும் கலை விமரிசகர் கார்ல் கண்டாலாவாலாவுக்கு அவர் ஒளிவுமறைவின்றிக் கடிதங்கள் எழுதிவந்தார். அவருடைய கடிதங்கள் 2010-இல் நூலாக வெளிவந்துள்ளன.

‘பிரமசாரிகள்’ படத்தின் முன் சிறிது நேரம் நிற்கவேண்டும். ஐந்து இளைஞர்கள், திறந்த மார்பு, வெள்ளை வேட்டி. பேச்சில்லை, செயலில்லை. மேனியின் கருமைக்கும் துணியின் வெண்மைக்கும் இடையே ஓவியர் கண்ட அழகுதான் படத்தின் உயிர். இங்கே பள்ளி செல்லும் நம் குழந்தைகளில் பலர், நிறத்தைச் சுட்டி ‘மதராஸி’ என்ற கேலிச் சொல்லைக் கேட்டு வீடு திரும்பியவர்கள். வீட்டிலோ, பெண் பார்க்கும் பேச்சு எழுந்தால் நாமே ‘சிவப்பா, மாநிறமா?’ என்று முதற்கேள்வி கேட்கிறோம்! நாம் மறைக்க முற்படும் நிறத்தை, பாரிஸில் பயின்ற ஒரு பஞ்சாபிப் பெண்மணி ஓவியத்தின் நடுப்பொருளாக்கினார். குழந்தைகள் இதைக் காணவேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. (மணப்பெண் படத்தில் மட்டும் நடுவிலிருப்பவள் வெளிர்நிறத்தவள், ஏன் என்று குழந்தைகள் கேட்டால், பெற்றோர் விடை சொல்ல ஆயத்தமாக இருப்பது நலம்!)

குறை ஒன்றும் நமக்குத் தோன்றுகிறது. இப்படங்களில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. நம் ஊர்ச் சந்தைக்குப் போகிறவர்கள் இத்துணை மௌனமாகவா போகிறார்கள்? பேரமும் வம்பும் கேலியுமாக அன்றோ வழி நெடுகப் பேச்சு ஓடும்! சில வாரங்கள் மட்டும் தங்கிய யாத்திரிகரின் கண் அது. மக்களின் தோற்றத்தை அது கண்டது, பேச்சைக் கேட்கவில்லை. ஆயினும் அந்த மௌனத்தில் இழிவு சிறிதுமில்லை, ஒரு கம்பீரமே உண்டு.

அம்மையார் அந்த வெற்றியோடு நின்றுவிடவுமில்லை. பின்னர் மொகலாய, பஹாடிச் சிற்றோவியங்களில் ஈடுபட்டார். அவரது படங்களின் அளவு சுருங்கியது, வண்ணம் ஒளி பெற்றது. 1941 டிசம்பரில் லாகூரில், இருபத்தெட்டாம் வயதில் காலமானார். அப்போது முற்றுப்பெறாமல் நின்ற படத்தில், மாடியிலிருந்து பார்த்த காட்சியாக, எருமைகள் நிற்கின்றன.

கலைக்கூடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அவர் எழுதியவற்றில் ஏறத்தாழ நூறு படங்கள் அங்கு உள்ளன. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் காட்சிக்கு வைப்பதில்லையாதலால், ‘பிரமசாரிகள்’ தற்போது சுவரில் உள்ளதா என்று கேட்டறிந்து செல்வது நன்று.