புயல் இரவில் பேசும் டெலிபோன்

வானம் வெளுத்திருக்கும்போது எல்லா டெலிபோனும் பேசும். வானம் இடிந்து விழும்போது எது பேசுகிறது? அதுதான் கேள்வி!

"நல்ல கம்பெனி எது?" என்று கேட்டால், "கட்டணம் குறைவாக வாங்குவது" என்பார் ஒருவர். "வாடிக்கையாளரிடம் மரியாதையாகப் பேசுவது" என்பார் இன்னொருவர். இரண்டும் சரிதான். ஆனால் செங்கல்பட்டிலும் மாமல்லபுரம் கடற்கரையிலும் வாழ்கிறவர்களுக்கு இவை மட்டும் போதாது. ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் புயலை எதிர்பார்த்து வாழ்கிறவர்கள் அவர்கள். ஆபத்து நாளில் கைகொடுப்பதுதான் அவர்களுக்கு உண்மையான சேவை.

அப்படி ஒரு சேவை நடந்தது உண்டு.

வெள்ளத்தில் ஒரு வாரம்

2015-ம் ஆண்டு, டிசம்பர் 1-ந் தேதி. பேய் மழை! தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து தண்ணீர் திறந்து விடப்பட்டது. அடையாறு கரை புரண்டது. முடிச்சூரில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மக்கள் மொட்டை மாடிகளில் தவித்தார்கள். (தாம்பரமும் முடிச்சூரும் அன்று காஞ்சீபுரம் மாவட்டத்தில் இருந்தன. 2019-ல் செங்கல்பட்டு மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தன.)

மின்சாரம் நின்றது. செல்போன்கள் ஒவ்வொன்றாக ஊமையாயின. பிள்ளை எங்கே, பெற்றோர் எங்கே என்று தெரியாமல் குடும்பங்கள் துடித்தன. வெளிநாட்டில் இருந்த மகன்களும் மகள்களும் தூக்கமின்றித் தவித்தார்கள்.

அந்த நேரத்தில் பல வீடுகளில் மூலையில் கிடந்த பழைய டெலிபோன் மணி அடித்தது! தூசி படிந்து கிடந்த அந்தக் கருவியில்தான், "நாங்கள் உயிரோடு இருக்கிறோம்" என்ற செய்தி போய்ச் சேர்ந்தது. அது பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனத்தின் கம்பி டெலிபோன். ஊர் மக்கள் சுருக்கமாக, "பி.எஸ்.என்.எல்." என்பார்கள்.

அந்த நிறுவனத்தின் சேவை சென்னையில் ஒரு வாரத்துக்கு இலவசம் என்று அந்த நாட்களில் மத்திய அரசு அறிவித்தது. தனியார் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. கையில் பணம் இல்லாவிட்டாலும் பேசுவதற்கு வழி செய்து சலுகை கொடுத்தன. வாடிக்கையாளரின் பணப்பையைப் பார்க்காமல் அவருடைய கண்ணீரைப் பார்த்த வாரம் அது!

மந்திரம் அல்ல, பாட்டரி!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலவசம் என்று அறிவித்தால் மட்டும் போதுமா? டெலிபோன் பேச வேண்டாமா? பேசாத டெலிபோனை இலவசமாகக் கொடுத்து என்ன பயன்?

பழைய டெலிபோன் பேசியதற்குக் காரணம் உண்டு. அது வீட்டு மின்சாரத்தை நம்பி இருக்கவில்லை. டெலிபோன் நிலையத்தில் பெரிய பாட்டரிகள் வரிசையாக இருக்கும். அங்கிருந்து 48 வோல்ட் மின்சாரம் செம்புக் கம்பி வழியாகவே வீட்டுக்கு வந்துவிடும். ஊரே இருண்டு கிடந்தாலும் டெலிபோன் பேசும். பாட்டரி தீரும் முன் டீசல் எஞ்சினை ஓட்டி, மறுபடியும் மின்சாரம் ஏற்றுவார்கள்.

செல்போன் கதை வேறு. கையில் உள்ள கருவிக்கும் மின்சாரம் வேண்டும். கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும். கோபுரத்தின் பாட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் வந்து சேர வேண்டும். சாலை முழுவதும் வெள்ளம் என்றால் டீசல் எப்படி வரும்?

ஆகவே நல்ல சேவை என்பது இனிக்கப் பேசுவது மட்டும் அல்ல. மழை வருமுன் பாட்டரியைச் சோதித்தவர், டீசல் தொட்டியை நிரப்பி வைத்தவர், முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கம்பியைச் சரி செய்தவர் - இவர்கள் செய்ததுதான் சேவை. அவர்கள் முகத்தை வாடிக்கையாளர் பார்த்ததே இல்லை!

ஒரு அழைப்பின் விலை

ஒரு டெலிபோன் அழைப்புக்கு என்ன விலை? மாமல்லபுரத்திலிருந்து கடற்கரையோடு தெற்கே போனால் புதுச்சேரி வரும். அதற்கும் தெற்கே நல்லவாடு என்ற மீனவ கிராமம் இருக்கிறது. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்த அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டெலிவிஷனில் செய்தி பார்த்தார். உடனே ஊருக்கு டெலிபோன் செய்தார். ஊர் ஒலிபெருக்கி அலறியது. மக்கள் ஓடினார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில், வீடுகளும் படகுகளும் போயின. உயிர்கள் பிழைத்தன!

அந்த ஒரு அழைப்பு கிடைக்காமல் போயிருந்தால்?

இன்றைய நிலை என்ன?

2022-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி இரவு, "மாண்டஸ்" புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. மரங்கள் முறிந்தன. மின்சாரம் போயிற்று. இனியும் புயல் வரும். வந்தால் எந்த டெலிபோன் பேசும்?

செம்புக் கம்பி இன்று மறைந்து வருகிறது. அந்த இடத்துக்குக் கண்ணாடி இழைக் கம்பி வருகிறது. அதில் படம் பார்க்கலாம், பாடம் படிக்கலாம். வேகம் அதிகம். ஆனால் அந்த இழையில் மின்சாரம் ஓடாது. வீட்டில் உள்ள பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் பேச்சும் போகும். புதுமை வந்தது, பழைய பாதுகாப்பு போயிற்று!

சட்டம் உதவுமா? டெலிபோன் கம்பெனிகளைக் கண்காணிக்கும் "டிராய்" ஆணையம் 2024-ல் ஒரு விதி செய்தது. ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால், வாடிக்கையாளருக்குக் கட்டணத்தைக் கழிக்க வேண்டும். முன்பணம் கட்டியவருக்கு நாட்களைக் கூட்டித் தர வேண்டும். நல்ல விதிதான். ஆனால் இயற்கைச் சீற்றத்தால் சேவை நின்றால் இது பொருந்தாது! அப்படியே பொருந்தினாலும், கட்டணத்தைத் திருப்பித் தரலாம். புயல் இரவில் பேச முடியாமல் போன பேச்சை யார் திருப்பித் தருவது?

ஆகவே சட்டம் நிற்கும் இடத்தில் கம்பெனியின் மனச்சாட்சி நிற்க வேண்டும். கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை கடற்கரைக் கோபுரங்களில், ஐப்பசி பிறக்கும் முன்பே கூடுதல் பாட்டரியும் டீசலும் இருக்க வேண்டும். வீட்டுப் பெட்டிக்கும் சிறு பாட்டரி வைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு கம்பெனியின் கோபுரம் விழுந்தால், அடுத்த கம்பெனி கோபுரம் அந்த வாடிக்கையாளரையும் தாங்க வேண்டும். தொழிலில் போட்டி இருக்கட்டும், ஆபத்தில் வேண்டாம்!

வாடிக்கையாளர் செய்ய வேண்டியதும் உண்டு. புயல் எச்சரிக்கை வந்ததும் செல்போனில் மின்சாரம் ஏற்றி வைக்க வேண்டும். முக்கியமான நம்பர்களை ஒரு தாளில் எழிதி வைக்க வேண்டும். மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077. டெலிபோன் பழுதானால் 198. புகார் செய்தால் புகார் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். அதைக் கொடுப்பது கம்பெனியின் கடமை. குறை கண்டால் புகார் செய்ய வேண்டும். நிறைவாகச் செய்தால், கம்பி சரி செய்ய வந்த தொழிலாளியிடம் ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும்.

2015-ல் வெள்ளத்துக்கு நடுவே மணி அடித்த டெலிபோனை எடுத்த தாய்மார்கள், கம்பெனியின் பெயரை நினைத்திருக்க மாட்டார்கள். மறுமுனையில் கேட்ட "அம்மா!" என்ற குரலை மட்டும் நினைத்திருப்பார்கள். அந்தக் குரல் அடுத்த புயலிலும் கேட்க வேண்டும்!