நிறுத்துப் பார்த்த பின் புறப்படுவோம்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் குட்மேய்ஸ் வீதிகளில் மோட்டார்ஹோம் எனப்படும் வீட்டு வான்கள் வாசல்களில் நிற்கக் காண்கின்றோம். சில வாடகைக்குப் பெற்றவை. சில இரண்டு மூன்று குடும்பங்கள் கூடிப் பழையதாக வாங்கியவை. ஸ்கொட்லாந்துக்கும் வேல்ஸுக்கும், கடல் கடந்து பாரிஸில் உள்ள உறவினர் வீட்டுக் கொண்டாட்டங்களுக்கும் எம்மவர் இவற்றிற் செல்கின்றனர். வேலையும் வீடுமென அடைபட்டுக் கிடந்த சமூகம் நாடு பார்க்கப் புறப்பட்டிருப்பது நல்லதே. ஆனால், அந்த வான்களில் ஏற்றப்படும் சாமான்களைப் பார்க்கும்போது எமக்கு அச்சமே மேலிடுகின்றது.

அரிசி மூடை, இடியப்ப உரல், கலியாண வீட்டுக்குப் போதுமான சட்டிகள், தண்ணீர்ப் போத்தல்கள், மடக்குக் கதிரைகள், பிள்ளைகளின் சைக்கிள்கள். வான் பெரியது, இடம் இருக்கின்றது, ஆகவே ஏற்றலாம் என்பது எம்மவரின் கணக்கு. இடம் இருப்பது வேறு, வாகனம் தாங்குவது வேறு.

இந்நாட்டில் ஓடும் இத்தகைய வான்களிற் பெரும்பாலானவற்றின் உச்ச நிறை 3,500 கிலோ. கட்டில், குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு, கழிப்பறை என்பன அதில் பெரும்பங்கை ஏற்கனவே விழுங்கிவிடுகின்றன. பல வான்களில் எமக்கு எஞ்சுவது 300 அல்லது 400 கிலோ மட்டுமே. சாரதிக்கென 75 கிலோ வழமையாக முன்னரே கணக்கிடப்பட்டிருக்கும். மேலும் மூன்று பெரியவர்கள் ஏறினால் 225 கிலோ. தாங்கியில் 100 லீற்றர் தண்ணீர் நிரப்பினால் இன்னுமொரு 100 கிலோ. ஆக 325 கிலோ. அரிசி மூடை இன்னும் வாசற்படியிலேதான் இருக்கின்றது!

வாகனத்தின் தகட்டில் முழு நிறைக்கு ஓர் எல்லையும், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி எல்லைகளும் பொறிக்கப்பட்டிருக்கும். முழு நிறை சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் எல்லை மீறுவது உண்டு. நாம் கலைப் பட்டதாரியாயினும் இந்தக் கணக்கு எமக்கும் விளங்குகின்றது. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே 4 மீற்றர். பின் சில்லுக்கு அப்பால் 2 மீற்றர் தூரத்தில் 100 கிலோ சாமான். நெம்புகோல் விதிப்படி பின் அச்சில் விழுவது 100 அன்று, 150 கிலோ. முன் அச்சிலிருந்து 50 கிலோ தூக்கப்படுகின்றது. சாரதி திருப்பும் சில்லுகளுக்கு வீதியில் பிடிமானம் குறைகின்றது. பின் ரயர்கள் சூடேறி வெடிக்கக்கூடும். ஆண்டில் பத்து மாதம் அசையாமல் நிற்கும் வான்களில், ரயர் தேய்வதற்கு முன்னரே முதுமை அடைந்துவிடுவதையும் மறத்தலாகாது. எனவே பாரமானவை தாழ்வாகவும் இரு அச்சுகளுக்கு இடையிலும் இருக்க வேண்டும். மேல் தட்டுகளில் உடுப்பும் தலையணையுமே தகும்.

பொது நிறுவைத் தளங்கள் இந்நாட்டில் பல உள்ளன. எல்லோரும் ஏறி, எரிபொருளும் தண்ணீரும் நிரப்பி, முழு வாகனத்தையும் பின்னர் ஒவ்வோர் அச்சையும் சிறு கட்டணத்துக்கு நிறுத்துச் சீட்டுப் பெறலாம். இதனை வெள்ளைக்காரரின் வீண் சட்டம் என்போரைக் கேட்டிருக்கின்றோம். கப்பல்களில் அளவுக்கு மீறி ஏற்றி மாலுமிகளைக் கடலுக்குப் பலி கொடுத்த முதலாளிகளுக்கு எதிராகச் சாமுவேல் பிளிம்சோல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் போராடியமையாலேயே, 1876ஆம் ஆண்டுச் சட்டம் கப்பலின் பக்கத்தில் பாரக்கோடு வரையச் செய்தது. வானின் தகடும் அத்தகைய கோடுதான்.

எம்மவரின் பழக்கத்துக்குக் காரணம் உண்டு. கிளாலிக் கடல்நீரேரியில் படகு ஏறியோரும், 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தோரும், விட்டுச் செல்லும் பொருளை மீண்டும் காண்போமா என்று அறியாதவர்கள். சைக்கிளிலும் லான்ட்மாஸ்டரிலும் ஏற்றக் கூடியதை எல்லாம் ஏற்றினார்கள். அதனைக் குறை கூற எவருக்கும் உரிமை இல்லை. இங்கோ இரு வாரத்தில் திரும்பி வந்து கதவைத் திறக்க வீடு இருக்கின்றது. வழி நெடுகக் கடைகள் இருக்கின்றன. தங்குமிடத்தில் தண்ணீர்க் குழாயும் இருக்கின்றது. எல்லை மீறிய வாகனத்தை அதிகாரிகள் மறித்தால், பாரம் குறைக்கும்வரை நகர விடமாட்டார்கள். நெடுஞ்சாலையோரத்தில் இடியப்ப உரலை இறக்கி வைத்துவிட்டு யாரை அழைப்பது?

சாரதி அனுமதிப்பத்திரம் பற்றியும் ஒரு சொல். 1997 சனவரி 1க்கு முன்னர் இங்கு கார்ப் பரீட்சையில் சித்தியடைந்தோர் 7,500 கிலோ வரையான வாகனத்தை ஓட்டலாம். அவ்வுரிமை 70 வயதுடன் முடிகின்றது. தொடர வேண்டுமாயின் மருத்துவ அறிக்கை வேண்டும். பின்னர் சித்தியடைந்தோருக்கு, பெற்றோல், டீசல் வாகனமாயின், எல்லை 3,500 கிலோ. வான் வெறுமையாக நின்றாலும் தகட்டிலுள்ள உச்ச நிறையே இங்கு கணக்கு. தந்தை ஓட்டிய பெரிய வானை மகனும் ஓட்டலாம் என எண்ணுதல் தவறு.

வாடகைக்கு விடும் எம்மவரிடம் ஒன்று கேட்கின்றோம். திறப்பைக் கையளிக்கும்போது, இன்னும் எத்தனை கிலோ ஏற்றலாம் என்பதை எழுத்தில் கொடுங்கள். ஆறு பேர் படுக்கலாம் என்று விளம்பரம் செய்யும் வானில் ஆசனப் பட்டியுள்ள இருக்கைகள் நான்கே என்றால், அதனையும் அதே பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.