சியோல் செல்லுமுன் சிலாபம் போட வேண்டிய கணக்கு

சிலாபத்திலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் வீதியில் மாரவில, வென்னப்புவ ஆகிய ஊர்களைக் கடந்து செல்வோர், இருமருங்கிலும் எழுந்து நிற்கும் மாடி வீடுகளைக் காணத் தவறுவதில்லை. இத்தாலியின் நகரங்களில் பல தசாப்தங்களாக உழைத்தவர்களின் பணம் அங்கே சுவராகவும் கூரையாகவும் மாறியிருக்கின்றது. அந்த வீடுகளைப் பார்த்து வளர்ந்த அடுத்த தலைமுறைக்கு வெளிநாடு செல்வது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் இன்றைய இளைஞரின் கண் ஐரோப்பாவை மட்டும் நோக்கியிருக்கவில்லை. சியோல், டோஹா, துபாய், பேங்கொக் என ஆசிய நகரங்களின் பெயர்களே சிலாபம் முதல் உடப்பு வரையான கரையோரத்தில் இப்போது அதிகம் பேசப்படுகின்றன.

இந்த நாட்டத்தைப் பேராசை என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது. 2022 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இலங்கை தனது வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நிலை மாறி, சில வாரங்களுக்குள் 360 ரூபா வரை சென்றது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. நகரவாசிக்கு அது ஒரு செய்தி. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகில் கடலுக்குச் செல்பவருக்கோ தொழிலின் அடித்தளமே ஆட்டம் கண்ட நாள். பிடித்துவந்த மீனின் விலை எரிபொருட் செலவையே ஈடுசெய்யாத நாட்களில் படகுகள் கரையிலேயே கிடந்தன.

அதன் பின்னர் பொருளாதாரம் ஓரளவு நிலைபெற்றிருப்பது உண்மை. ஆயினும் 2025 ஆம் ஆண்டில் சட்டப்படி உயர்த்தப்பட்ட தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபா மாத்திரமே. அதே ஆண்டு தென் கொரியாவின் குறைந்தபட்ச ஊதியம் மணித்தியாலத்துக்கு 10,030 வொன். முழுநேரம் உழைப்பவருக்கு மாதமொன்றுக்கு 20 இலட்சத்து 96 ஆயிரம் வொன்னுக்கும் மேல் கிடைக்கும். அவ்வாண்டின் நாணயமாற்று வீதப்படி அது நான்கு இலட்சம் ரூபாவைத் தாண்டும். இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் இருபத்தைந்து வயது இளைஞருக்கு நாட்டுப்பற்றைப் போதித்துப் பயனில்லை.

அரசாங்கமும் அவ்வாறு போதிப்பதாகத் தெரியவில்லை. 2022 இல் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் தொழிலுக்காக நாட்டைவிட்டு வெளியேறினர். அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து ஆண்டுகள் வரை வெளிநாடு செல்ல அனுமதிக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. அந்த ஆண்டில் 379 கோடி டொலராக வீழ்ந்திருந்த வெளிநாட்டுப் பணவனுப்பல், 2024 இல் 650 கோடி டொலரைத் தாண்டியது. நாட்டை வங்குரோத்து நிலையிலிருந்து தூக்கி நிறுத்தியதில் இப்பணத்தின் பங்கு பெரிது. ஆனால் தேசத்தின் கணக்கு வேறு, ஒரு குடும்பத்தின் கணக்கு வேறு. எத்தனை பேர் சென்றனர், எத்தனை டொலர் வந்தது என்பதோடு தேசத்தின் கணக்கு முடிந்துவிடும். சென்றவர் எவ்வளவு கடனுடன் புறப்பட்டார், எத்தனை ஆண்டுகளை அங்கு கழித்தார், திரும்பியபோது கையில் என்ன மிஞ்சியது என்பன குடும்பத்தின் கணக்கில் மட்டுமே வரும்.

இந்தக் கணக்கு சிலாபக் கரைக்குப் புதிதன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்க, இக்கரையோர மீனவர்கள் கிழக்குக் கரைக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில் புரிவது நெடுங்கால வழக்கம். அந்தப் பயணத்தில் இரண்டு அம்சங்கள் இருந்தன. ஒன்று, பருவம் முடிந்ததும் திரும்புவது நிச்சயம். மற்றையது, சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கியவர் அந்தப் பருவம் முழுவதும் அந்த வலைக்கே கட்டுப்பட்டவர். கூலி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னர் முற்பணம் எவ்வளவு, எப்போது கழியும் என்று கேட்பதே அனுபவசாலிகளின் பழக்கம். கடல் கடந்து வேறு நாட்டுக்குச் செல்பவர் கேட்கவேண்டியதும் இதே கேள்விதான்.

முதலில் சியோலை எடுத்துக்கொள்வோம். 2004 ஆம் ஆண்டு இரு அரசாங்கங்களும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, தொழிலாளர்கள் அரசாங்க வழியில் மாத்திரமே அனுப்பப்படுகின்றனர். தனியார் முகவர்களுக்கு அங்கு இடமில்லை. 18 முதல் 39 வயது வரையானோர் கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். ஆனால் சித்தி என்பது வேலைக்கு உத்தரவாதமன்று. சித்தியடைந்தவரின் பெயர் பட்டியலில் சேர்க்கப்படும். கொரிய முதலாளி ஒருவர் அப்பட்டியலிலிருந்து தெரிவுசெய்தாலே பயணம். பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். எனவே பரீட்சையில் தேறிய கையோடு உள்ளூர் வேலையை விடுவதும், படகையோ நகையையோ விற்பதும் விவேகமாகாது.

தெரிவானவருக்கு மூன்று ஆண்டுகளும், நீடிப்புக் கிடைத்தால் மேலும் ஓராண்டும் பத்து மாதங்களும் அங்கு தொழில் புரியலாம். மொத்தம் 58 மாதங்கள். குறைந்தபட்ச ஊதியம் கொரியருக்கும் வெளிநாட்டவருக்கும் சட்டத்தில் ஒன்றே. நாடு திரும்பும்போது பெறத்தக்க காப்புறுதித் தொகையும் உண்டு. ஆசிய நாடுகளுக்குச் செல்லத் தகைமை குறைந்த தொழிலாளருக்குள்ள வழிகளில் இதுவே மிகவும் ஒழுங்கானது என்றால் மிகையன்று.

ஆயினும் ஒழுங்கான வழியிலும் முட்கள் உண்டு. மனைவி மக்களை அழைத்துச்செல்ல இந்த விசா அனுமதிப்பதில்லை. சியோல் என்று ஊரில் சொன்னாலும், வேலை கிடைப்பது பெரும்பாலும் தலைநகருக்கு வெளியே உள்ள தொழிற்பேட்டைகளிலும் பண்ணைகளிலும் மீன்பிடித் துறைகளிலுமே. மீன்பிடித் துறைக்குச் செல்ல எண்ணும் சிலாபத்தவர் அறிந்திருக்கவேண்டிய ஒன்றுண்டு. கொரியத் தொழில் நியமச் சட்டத்தின் வேலைநேரம், ஓய்வு, விடுமுறை நாள் பற்றிய ஏற்பாடுகள் விவசாயத்துக்கும் மீன்பிடிக்கும் பொருந்தா என்று அச்சட்டத்தின் 63 ஆவது பிரிவே விலக்களிக்கின்றது. தொழிற்சாலையில் மேலதிக நேரத்துக்குக் கிடைக்கும் கூடுதல் வீதத்தைப் படகில் எதிர்பார்க்க முடியாது.

இதைவிட முக்கியமானது முதலாளியை மாற்றும் உரிமை. முதல் மூன்று ஆண்டுகளில் அதிகபட்சம் மூன்று தடவைகளே இடம் மாறலாம். அதுவும் முதலாளியின் இணக்கத்துடன் அல்லது சட்டம் ஏற்கும் காரணத்துடன். இக்கட்டுப்பாடு அரசியலமைப்புக்கு முரணானதன்று என அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2021 டிசெம்பரில் தீர்ப்பளித்தது. சம்மாட்டியின் முற்பணம் செய்த வேலையை இங்கே விசா செய்கின்றது.

அதன் விளைவை 2025 ஜூலையில் உலகமே கண்டது. நஜு நகரிலுள்ள செங்கற் தொழிற்சாலை ஒன்றில் இலங்கைத் தொழிலாளர் ஒருவர் செங்கற்களுடன் சேர்த்துக் கட்டப்பட்டு, பாரந்தூக்கும் வாகனத்தால் உயர்த்தப்பட்ட காணொளி வெளியாயிற்று. கொரிய ஜனாதிபதி லீ ஜே மியுங் அதனைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அத்தொழிலாளர் வேறிடத்தில் வேலை தேடவும் வழி பிறந்தது. ஆனால் அச்சம்பவம் நிகழ்ந்தது அவ்வாண்டின் பெப்ரவரியில். இடைப்பட்ட மாதங்கள் மௌனத்திலேயே கழிந்தன. கொரிய முதலாளிகள் எல்லோரும் கொடியவர்கள் என்பதற்காக இதை இங்கு குறிப்பிடவில்லை. விட்டு விலக முடியாதவன் வாய்திறக்கத் தயங்குவான் என்பதற்காகவே குறிப்பிடுகின்றோம்.

சியோலுக்கு நேர்மாறானது பேங்கொக் வழி. கணினி வேலை, உயர்ந்த சம்பளம், பரீட்சை எதுவும் இல்லை, சுற்றுலா விசாவே போதும் என்று கைத்தொலைபேசியில் வரும் அழைப்பை நம்பிச் சென்ற இலங்கையர் பலர், தாய்லாந்தின் மே சொட் எல்லையூடாக ஆற்றைக் கடத்திச் செல்லப்பட்டு, மியன்மாரின் மியாவடிப் பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அங்கு அவர்களின் வேலை, உலகெங்கும் உள்ள அப்பாவிகளை ஏமாற்றிப் பணம் பறிப்பது. மறுத்தவர்கள் தாக்கப்பட்டனர். 2024 இலும் 2025 இலும் கட்டம் கட்டமாகப் பலர் மீட்கப்பட்டனர். பரீட்சையும் காத்திருப்பும் உள்ள வழி நம்மைச் சலிப்படையச் செய்யலாம். எவ்விதத் தடையுமில்லாத வழியோ நம்மைச் சந்தேகம் கொள்ளச் செய்யவேண்டும்.

இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கின்றன வளைகுடா நகரங்கள். சட்டங்கள் அங்கு முன்னேறவில்லை என்று கூறமுடியாது. வேலை மாறுவதற்கு முதலாளியின் அனுமதி தேவையில்லை எனக் கட்டார் 2020 இல் சட்டம் இயற்றியது. 2021 மார்ச் முதல் 1,000 ரியால் என்ற குறைந்தபட்ச ஊதியமும் அங்கு நடைமுறையில் உள்ளது. ஆனால் இங்கு தடுக்கி விழவைப்பது புறப்படுமுன் வாங்கும் கடன். ஓர் உதாரணத்தைக் கணித்துப் பார்ப்போம். ஒருவர் துணை முகவருக்குக் கொடுப்பதற்காக ஐந்து இலட்சம் ரூபாவை நூற்றுக்கு மூன்று மாத வட்டிக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். டோஹாவிலிருந்து அவர் மாதம் 60,000 ரூபா அனுப்பி, அதில் 35,000 ரூபாவைக் குடும்பம் செலவழித்து, மீதி 25,000 ரூபா கடனுக்குச் செல்லுமானால், முதல் மாதத்தில் 15,000 ரூபா வட்டிக்கே போய்விடும். கடன் முழுவதும் தீர 31 மாதங்கள் பிடிக்கும். அவரது ஒப்பந்தமோ வழமைபோல் இரண்டு ஆண்டுகள். ஒரு நாள்கூட நோயுறாமல் உழைத்தாலும் அவர் கடனாளியாகவே திரும்புவார். சம்பளம் மட்டும் இத்தகையவரைக் கரைசேர்க்காது. கடன் சிறிதாக இருந்தாலே கரைசேர்வார்.

ஆகவே புறப்பட எண்ணுபவர் சில கேள்விகளுக்கு விடை காணாமல் எவருக்கும் பணம் கொடுத்தல் தகாது. முதலாளி யார், ஒப்பந்தம் கையில் உள்ளதா, அதிலுள்ள வேலையும் விசாவிலுள்ள வேலையும் ஒன்றா? முகவருக்கு உரிமப்பத்திரம் உண்டா? 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு ஓர் அழைப்பெடுத்தால் இது தெரிந்துவிடும். கடன் எத்தனையாவது மாதத்தில் தீரும்? தீர்ந்த பின் ஒப்பந்தத்தில் எத்தனை மாதங்கள் மிஞ்சும்? அந்த மாதங்களின் சேமிப்பைக் கொண்டு ஊரில் என்ன செய்யப்போகிறோம்? இறுதிக் கேள்விக்கு வீடு கட்டுவோம் என்பது பாதி விடையே. வீடு தங்குமிடம் தரும், வருமானம் தராது. வருமானத்துக்கு வழியின்றி வீட்டை மட்டும் கட்டியவர் மீண்டும் கட்டுநாயக்காவுக்கே செல்ல நேரும்.

அரசாங்கத்தின் கடமை இங்கு தட்டிக்கழிக்க முடியாதது. புறப்படுவோருக்கு அரச வங்கிகள் நியாயமான வட்டியில் கடன் வழங்கினால் துணை முகவரின் பிடி தானாகவே தளரும். ஒப்பந்தங்களும் அறிவுறுத்தல்களும் தமிழிலும் விளங்கும்வண்ணம் பிரதேச செயலகங்களில் கிடைக்கவேண்டும். புரியாத மொழியிலுள்ள பத்திரத்தில் ஒப்பமிடுபவரின் சம்மதம் சம்மதமே ஆகாது. கொரியாவுடனான பேச்சுவார்த்தைகளில் ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் கேட்பதோடு நில்லாமல், படகுகளிலும் பண்ணைகளிலும் வேலைநேரத்தையும் ஓய்வையும் ஒப்பந்தத்தில் சேர்க்கக் கோரவேண்டும். திரும்பி வருபவரின் திறனுக்கும் சேமிப்புக்கும் புத்தளம் மாவட்டத்திலேயே இடம் காணவேண்டும். குளிரூட்டி வசதியும் மீன் பதனிடும் தொழிலும் இறங்குதுறை வசதிகளும் இல்லாத கரையில் சேமிப்பு சீமெந்தாக மட்டுமே மாறும்.

2022 மே மாதத்தில் அவுஸ்திரேலியாவில் பொதுத் தேர்தல் நடைபெற்ற தினத்திலேயே, இலங்கையிலிருந்து சென்ற படகொன்று அந்நாட்டு அதிகாரிகளால் இடைமறிக்கப்பட்டதை நாம் மறந்துவிடலாகாது. ஒழுங்கான வழி அடைபட்டதாக எண்ணுபவர்கள் கடலையே வழியாகக் கொள்கின்றனர். எனவே போகாதே என்று இளைஞரைத் தடுப்பதைவிட, கணக்குப் பார்த்துப் போ என்று கூறுவதே பொருத்தமானது. ஐந்து ஆண்டுகள் என்பது ஓர் இளைஞரின் வாழ்வில் சிறிய காலமன்று. அவரது குழந்தை தந்தையின் முகத்தைத் தொலைபேசித் திரையில் மட்டுமே காணும் காலமும் அதுவே. அந்த ஆண்டுகளுக்கு ஈடாகக் குடும்பத்துக்கு எது கிடைக்கப்போகின்றது என்பதை, கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்னரே கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து, ஒரு தாளில் எழுதிப் பார்க்கவேண்டும்.