ட்யூபோடு காத்திருக்க மாட்டோம்: புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், போக்குவரத்துத் துறைக்கும், எங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கும், அறுபதைக் கடந்த ஆண்களும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் சேர்ந்து வைக்கும் கோரிக்கைகள் இவை.

ஏதாவது ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில், காலை வேளையில் ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையைப் பாருங்கள். மஞ்சப்பையோடு நிற்கும் பெரியவர்களில் சிலர் பையைத் தோளில் மாட்டமாட்டார்கள், கட்கத்தில் இடுக்கமாட்டார்கள். முழங்கால் உயரத்திலேயே தொங்கவிட்டுப் பிடித்திருப்பார்கள். உள்ளே இருப்பது மூத்திரப் பை. வேட்டிக்குள்ளிருந்து வரும் ட்யூப் அதில் போய்ச் சேர்கிறது. பையைத் தூக்கினால் சிறுநீர் திரும்ப உள்ளே ஏறிவிடும் என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பியிருப்பார். ஒரு ராத்திரி ஒன்னுக்கு வராமல் அடிவயிறு கல்லாகி, அவசர சிகிச்சையில் போட்ட ட்யூப் அது. எப்போது எடுப்பார்கள் என்று அவருக்கும் தெரியாது, கூட வந்த மகனுக்கும் தெரியாது.

இத்தனைக்கும் இது அரிய நோய் ஒன்றும் இல்லை. சிறுநீர்ப்பையின் கழுத்தடியில் சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பிதான் புராஸ்டேட். வாலிபத்தில் ஏறத்தாழ 20 கிராம் இருக்கும். 50 வயதுக்கு மேல் பாதி ஆண்களுக்காவது அது பெருக்க ஆரம்பித்துவிடுகிறது. 80 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கிறது. பெருத்தவர்கள் எல்லோருக்கும் தொந்தரவு வருவதில்லை. இது புற்றுநோயும் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம் என்பதால் பரிசோதனை வேண்டும். நாமோ ‘சூடு பிடிச்சிருக்கு’ என்று இளநீர் குடித்து, தொப்புளில் விளக்கெண்ணெய் தடவியே வருஷக்கணக்கை ஓட்டிவிடுகிறோம். கூச்சம் எங்களுடையது, ஒத்துக்கொள்கிறோம். கூச்சப்படுகிறவனிடம் போய்க் கேட்பது அரசின் வேலை.

ஆகவே முதல் கோரிக்கை: கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீடு வீடாக வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறது. அதே வருகையில் சிறுநீர்த் தொந்தரவு பற்றிய கேள்வித்தாளையும் கொடுக்கலாம். உலகம் முழுக்கப் பயன்படும் ஏழு கேள்விகள் தயாராகவே இருக்கின்றன: இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், முக்க வேண்டியிருக்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா, போன பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதா என்று போகும். மொத்த மதிப்பெண் 35. ஏழு வரை லேசான தொந்தரவு, 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. வீட்டுக்கு வரும் தன்னார்வலர்கள் பெண்கள். அவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல எழுபது வயது ஆளுக்கு நாக்கு எழாது. எனவே தாளைத் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள், அவரே டிக் அடித்து மடித்துத் தரட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஆண் சுகாதார ஆய்வாளர் வாசித்துக் காட்டட்டும்.

மதிப்பெண் கூடியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிறுநீர், சர்க்கரை, கிரியாட்டினின் சோதனைகள் நடக்க வேண்டும். ஸ்கேன் எடுக்கும் இடத்தில், ஒன்னுக்குப் போன பிறகு பையில் எவ்வளவு தங்குகிறது என்பதையும் அளந்து எழுத வேண்டும். ராத்திரி நாலு தடவை எழுகிற எல்லோருக்கும் புராஸ்டேட்தான் காரணம் என்றும் முடிவுகட்ட வேண்டாம். சுகர் ஏறியிருக்கலாம், நீர் மாத்திரையை சாயங்காலம் விழுங்கியிருக்கலாம்.

இரண்டாவது கோரிக்கைதான் எங்களுக்கு உயிர். எங்களுக்கு என்னென்ன வழிகள் உண்டு, ஒவ்வொன்றும் எதைக் கொடுத்து எதை எடுத்துக்கொள்ளும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ‘மாத்திரை போடுங்க, கேட்கலேன்னா ஆபரேஷன்’ என்ற ஒரு வரியில் எங்கள் வாழ்க்கையை முடிவு செய்யாதீர்கள்.

லேசான தொந்தரவுக்கு மருந்தே வேண்டாம், இரவில் தண்ணீரையும் காபியையும் குறைத்துக் கவனித்து வந்தால் போதும் என்பது எங்களில் பலருக்குச் சொல்லப்படுவதில்லை. டாம்சுலோசின் போன்ற மாத்திரைகள் தசையைத் தளர்த்தி சில நாட்களிலேயே வழிவிடும். ஆனால் வீக்கத்தைக் குறைக்காது. எழுந்து நிற்கும்போது சிலருக்குத் தலைசுற்றும், அதனால் ராத்திரி கட்டிலை விட்டு இறங்கும்போது நிதானம் தேவை. கண்புரை ஆபரேஷனுக்குப் போனால் இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இதைச் சாப்பிடுகிறவர்களுக்குக் கருவிழிப்படலம் தளர்ந்து அறுவை சிகிச்சை சிக்கலாகக்கூடும். புராஸ்டேட்டும் கண்புரையும் ஒரே வயதில் வருகிற ஊரில் இந்த எச்சரிக்கை மாத்திரைச் சீட்டிலேயே இருக்க வேண்டாமா?

ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு வகை வேறு. பெரிய சுரப்பியைச் சுருக்கும், பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். சிலருக்கு ஆசையும் விறைப்பும் குறையும். புராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க உதவும் பி.எஸ்.ஏ. ரத்த அளவையும் ஏறக்குறைய பாதியாக்கிவிடும். இது தெரியாத டாக்டர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதி அடைந்தால், ஒளிந்திருக்கும் புற்றுநோய் தப்பிவிடும். விறைப்புக் குறைவும் உள்ளவருக்குத் தினமும் 5 மில்லிகிராம் டடாலஃபில் இரண்டுக்கும் உதவும். ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைக்கிறவர் அதைத் தொடவே கூடாது.

ஆபரேஷன் பற்றியும் அப்படித்தான். சிறுநீர்க் குழாய் வழியாகக் கருவியைச் செலுத்திச் சுரண்டி எடுக்கும் டி.யூ.ஆர்.பி. பல பத்தாண்டுகளாக நின்று பிடித்த முறை, நடுத்தர அளவுச் சுரப்பிக்கு நல்ல முறை. அதன் பிறகு பெரும்பாலோருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிப் போகும். உடம்புக்குக் கேடில்லை, ஆனால் முன்கூட்டிச் சொல்லப்படாதவன் தனக்கு ‘எல்லாம் போச்சு’ என்று ஒடிந்துபோகிறான். 80 கிராமுக்கு மேல் பெருத்த சுரப்பியை ஹோல்மியம் லேசரால் குடைந்தெடுக்கலாம், அல்லது வயிற்றைத் திறந்து எடுக்கலாம். நீராவியால் திசுவைச் சுருக்குவது, சின்ன கிளிப்புகளால் இழுத்துக் கட்டுவது, ரத்தக் குழாயை அடைப்பது ஆகிய புதிய வழிகளும் உண்டு. முதல் இரண்டும் விந்து வெளிப்படுவதைப் பெரும்பாலும் காப்பாற்றும். எல்லோருக்கும் பொருந்தாது, சில வருஷத்தில் மறுபடி சிகிச்சை தேவைப்படவும் கூடும். கிழவனுக்கு இதெல்லாம் எதுக்கு என்று டாக்டரே தீர்மானிக்க வேண்டாம். எங்களிடம் கேளுங்கள், மனைவியையும் கூட உட்கார வைத்துக் கேளுங்கள். இவ்வளவையும் நான்கு பக்கத் தமிழ்த் தாளாக்கி, கையெழுத்து வாங்கும் நாளுக்கு முன்பே வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். ஆபரேஷன் டேபிளுக்குப் போகும் காலையில் நீட்டும் படிவத்தைச் சம்மதம் என்று நாங்கள் ஏற்கவில்லை.

மூன்றாவது, ட்யூப். ட்யூப் போட்ட ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டை இருக்க வேண்டும்: போட்ட தேதி, மாற்ற வேண்டிய தேதி, எடுத்துப் பார்க்கும் தேதி. திடீர் அடைப்பு வந்தவருக்கு மாத்திரை தொடங்கி, இரண்டு மூன்று நாளில் ட்யூபை எடுத்துப் பார்த்தால் பலருக்குத் தானாகவே சிறுநீர் போகும். அந்த வாய்ப்பைக் கொடுக்காமல் மாதக்கணக்கில் விட்டுவிடுவது கிருமித் தொற்றுக்கு வாசல் திறந்துவைப்பது. திரும்பத் திரும்ப அடைப்பு, சிறுநீர்ப்பையில் கல், சிறுநீரகம் வீங்குதல், சிறுநீரில் ரத்தம் நிற்காமல் போதல் என்று இருப்பவர்களுக்கு ஆபரேஷன் தேதியை எழுத்தில் கொடுங்கள். ஆபரேஷன் தாங்காத உடம்புக்கு, வீட்டிலேயே நேரத்துக்கு நேரம் சுத்தமான குழாயால் சிறுநீரை வெளியேற்றக் கற்றுக்கொடுங்கள். ட்யூப் மாற்றுவதற்காக ஒரு கிராமத்து ஆள் அறுபது கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வருவது அநியாயம். வட்டார சுகாதார நிலையத்து நர்ஸ் செய்யக்கூடிய வேலை அது.

நான்காவது: மாவட்டத்துக்கு ஒரு சிறுநீரக அறுவை நிபுணராவது வேண்டும், வாரத்தில் குறித்த நாளாவது. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டிலும், 70 வயது நிறைந்தவர்களுக்கான ஒன்றிய அரசுக் காப்பீட்டிலும் எந்தெந்த முறைக்கு எவ்வளவு தொகை என்பதை மருத்துவமனை வாசலில் தமிழில் எழுதிப் போடுங்கள். ‘காப்பீட்டில் பழைய முறைதான், லேசர்னா தனியா கட்டணும்’ என்று தனியாரிடம் கேட்டுத் தடுமாறும் மகனுக்கு, தன் அப்பாவின் சுரப்பி அளவுக்கு லேசர் தேவையா என்பதைச் சொல்ல ஆள் இல்லை.

ஐந்தாவது: மருந்துக் கடைகளில் ஜலதோஷ மாத்திரை விற்கும்போது ஒரு கேள்வி கேட்க வைக்க வேண்டும். அதில் சேரும் சூடோஎஃபெட்ரின், குளோர்ஃபெனிரமின் போன்றவை புராஸ்டேட் பெருத்தவருக்குச் சிறுநீரை அடைத்துவிடக்கூடும். அதுபோல, ‘ஆபரேஷன் இல்லாமல் புராஸ்டேட் கரையும்’ என்று இரவு டி.வி.யில் லேகியம் விற்பவர்கள் மீது 1954ஆம் ஆண்டின் மாயத் தீர்வு விளம்பரத் தடைச் சட்டம் பாய வேண்டும். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் புராஸ்டேட் கோளாறும் பெயர் சொல்லியே இருக்கிறது. சட்டம் எழுபது வருஷமாக இருக்கிறது, லேகியமும் அப்படியே இருக்கிறது.

கடைசியாகப் போக்குவரத்துத் துறைக்கு. எங்களில் பலர் பஸ் ஏறுவதற்கு முந்தின வேளையே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறோம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போவதை விட்டவர்களும் உண்டு. நீண்ட தூரப் பேருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை உள்ள இடத்தில் நிற்க வேண்டும். முதியவர் கேட்டால் நடத்துநர் முகம் சுளிக்காமல் நிறுத்த வேண்டும். பேருந்து நிலையக் கழிப்பறையில் அறுபதைக் கடந்தவர்களிடம் காசு வாங்கக் கூடாது.

இதை வாசித்து உடன்படுகிறவர்கள் பெயர், வயதோடு, இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்பதையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். கூச்சமாக இருந்தால் பெயரை விட்டுவிடலாம், எண்ணிக்கையை விட வேண்டாம். அது மூன்றுக்கு மேல் இருந்தால், கையெழுத்துப் போட்ட கையோடு நாளைக்கே டாக்டரைப் போய்ப் பாருங்கள்.