நாற்றத்தை மறைப்பதா, தடுப்பதா?

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து துர்நாற்றம் வீசுகிறது என்று மக்கள் முறையிட்டால், வாசனைத் திரவியத்தைக் காற்றில் தெளித்து அமைதி காணும் வழக்கம் உண்டு. 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பொறுக்கமாட்டாமல், லண்டன் பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டனர். அதனால் நதி தூய்மையடையவில்லை. வாசனைத் தெளிப்பும் அத்திரைச்சீலையை ஒத்ததே.

நாற்றம் பிறக்குமிடம் பெரும்பாலும் நிலையமன்று. அதற்கு வரும் வழியே. நீண்ட குழாய்களில் கழிவுநீர் மெல்ல ஊர்ந்து வருகையில் அதிலுள்ள பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. அப்போது ஒருவகைப் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. நம் நாட்டு வெப்பம் இவ்வினையை விரைவுபடுத்துகிறது. நிலையத்தின் நுழைவாயிலில் நீர் கலங்கும்போது, கரைந்திருந்த வாயு வெளிப்படுகிறது.

இவ்வாயு மூக்கிற்கு மட்டும் பகையன்று. குழாயின் மேற்சுவரில் கந்தக அமிலமாக மாறிக் கான்கிரீட்டை அரிக்கிறது. இவ்வரிப்பிற்குப் பாக்டீரியாவே காரணம் என்பதை ஆஸ்திரேலியாவில் பார்க்கர் 1945-இல் எடுத்துக்காட்டினார். இதனினும் கொடிய இயல்பும் இதற்குண்டு. பத்து லட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாக இருக்கையில் அழுகிய முட்டைபோல் நாறும் இவ்வாயு, நூறு பங்கை எட்டினால் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்கிறது. நாற்றமில்லை என்று நம்பித் தொட்டியில் இறங்கும் தொழிலாளி உயிரிழக்க நேரிடும். பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடையில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தபின்னும் இத்தகைய மரணங்கள் ஓயவில்லை.

பரிகாரங்கள் புதியனவல்ல. நீரேற்றுக் கிணறுகளில் கழிவுநீரை நெடுநேரம் தேக்காதிருத்தல் முதற்கடமை. நீண்ட குழாய்களில் இரும்பு உப்புகளைச் சேர்த்தால், சல்பைடு கரையாத கரும்படிவாகிவிடும். நிலையத்தில் நுழைவுக் கால்வாய்களையும் கசடுத் தொட்டிகளையும் மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, ஈரமான கம்போஸ்டு எருப்படுகையின் வழியே செலுத்தினால், அங்கு வாழும் பாக்டீரியாக்கள் நாற்றப் பொருள்களை உண்டு தீர்க்கும். மண்படுகையைக் கொண்டு இவ்வாறு செய்யும் முறைக்குப் பாமராய் என்பார் அமெரிக்காவில் 1957-இலேயே காப்புரிமை பெற்றார். ஆனால் காற்றை உறிஞ்சாமல் மூடி மட்டும் போடுதல் பெருந்தவறு. அது அண்டை வீட்டாரின் துன்பத்தைக் குறைத்து, தொழிலாளியின் ஆபத்தைப் பெருக்குவதாகும்.

செலவு மிகும் என்பர். அரித்துப்போன குழாயை மாற்றும் செலவு அதனினும் பெரிது; இழந்த உயிருக்கோ ஈடில்லை. ஆகவே ஒவ்வொரு நகரசபையும் நிலையத்தின் எல்லையிலும் தொழிலாளர் பணிபுரியும் இடங்களிலும் இவ்வாயுவைக் கருவிகொண்டு அளந்து, அவ்வளவுகளை மாதந்தோறும் மக்களுக்கு அறிவித்தல் வேண்டும். நாற்றம் ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கையை மறைப்பது பாதுகாப்பாகாது.